ஓரத்துப் பறவைகள்

குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் நான். சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் வேலை. மேஜைமேல் வந்து விழும் ஒவ்வொரு சட்டையையும் காலரிலிருந்து கடைசிப் பொத்தான்வரை திருப்பித் திருப்பிப் பார்த்து, நூல் பிரிந்திருந்தாலோ தையல் கோணலாக ஓடியிருந்தாலோ அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவைக்க வேண்டும். வீட்டில் நான் எதைப் பற்றி வாயைத் திறந்தாலும் என் கணவருக்கு அந்த ஸ்டிக்கர்தான் ஞாபகத்துக்கு வரும். "ஒட்டும்மா, ஒட்டு. நெத்தியிலேயே ஒட்டு" என்று தலையைக் குனிந்து காட்டுவார். நானும் சளைத்தவள் இல்லை, ஆள்காட்டி விரலால் நெற்றியில் ஒரு அழுத்து அழுத்துவேன்.

அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் டிரைவர் மாமா. எங்கள் இரண்டு பெண்களுக்கும் எனக்கும் மட்டும் இடிதாங்கி. கதவு நிலை, மேஜை முனை, பாதி திறந்து கிடக்கும் அலமாரிக் கதவு, பக்கத்தில் வருகிற ஆள், எதிலாவது மோதிக்கொள்ளாமல் அவருக்குப் பொழுது போகாது. அந்தப் பெயரை வைத்தது நாங்கள் இல்லை, அவரேதான். ஒருநாள் ஃபிரிட்ஜ் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, வீங்கிய இடத்தைத் தேய்த்தபடியே, "இந்த வீட்டுக்கு மின்னல் பயமே கிடையாது, நான்தான் இடிதாங்கியா இருக்கேனே" என்றார். அன்று சிரித்த சிரிப்பில் சின்னவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் எதில் மோதினாலும் சரி, "இடிதாங்கி!" என்று வீடே அதிரக் கத்துவாள். அவரும் மகாராஜா மாதிரி வலது கையை உயர்த்தி எங்களுக்கு ஆசி வழங்குவார்.

பள்ளிக்கூட விடுமுறையின் கடைசி சனிக்கிழமை அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனோம். அவரேதான் திடீரென்று முடிவு செய்தார். திங்கட்கிழமை பள்ளி திறந்துவிடும், அதற்குள் போய் வந்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். எங்களுடைய பழைய காரில் காலையில் வெளிச்சம் நன்றாக வந்த பிறகு கிளம்பினோம். வழியெல்லாம் அவருக்கும் பெரியவளுக்கும் வாக்குவாதம். அவள் பத்தாம் வகுப்புக்குப் போகப் போகிறாள், வாயும் அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பூங்காவில் இருட்டிய பிறகு நீரூற்றுகளுக்கு நடுவே விளக்குக் காட்சி நடக்குமாம். அதைப் பார்க்காமல் வந்தால் போனதே வீண் என்றாள்.

"இருட்டுறதுக்கு முன்னாடி கிளம்பிடணும். சொல்லிட்டேன்."

"எல்லாரும் அதுக்குத்தான்ப்பா வர்றாங்க."

"எல்லாரும் வரட்டும். நாம கிளம்பிடணும்."

"அம்மா, நீயாச்சும் சொல்லேன்."

நான் யார் பக்கமும் பேசவில்லை. ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் வண்டி ஓட்டும்போது தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். பள்ளிக்கூடத்தில் அந்த ஜாக்கிரதைக்காகவே மேடையில் கூப்பிட்டு ஷீல்டு கொடுத்திருக்கிறார்கள். அது எங்கள் வீட்டு டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கிறது. வாரம் ஒருமுறை அவரே துடைத்து வைப்பார். அவர் ஓட்டுகிற வண்டியில் கண்ணை மூடிக்கொள்ள எனக்கு ஒருநாளும் பயம் இருந்ததில்லை.

பூங்காவில் எந்த ராட்டினத்திலும் அவர் ஏறவில்லை. "நீங்க போங்க, நான் பையைப் பாத்துக்கிறேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இருட்டுக் குகைக்குள் போகிற குட்டி ரயிலுக்குச் சின்னவள் கையைப் பிடித்து இழுத்தாள். அதற்கும் வரவில்லை. "பையை யாராவது தூக்கிட்டுப் போனா?" என்றார். அந்தப் பையில் இருந்தது இரண்டு துண்டும் ஒரு பிஸ்கட் பொட்டலமும்தான். அதைத் தூக்கிக்கொண்டு போகிறவன் பாவம் என்று நான் கிண்டல் செய்தேன்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வெளியே இருந்த ராட்டினங்களையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். சனம் மொத்தமும் கட்டடங்களுக்குள் ஓடியது. நாங்கள் ஓடி நுழைந்த இடம் வி.ஆர். அரங்கம். கண்ணை மறைக்கிற பெரிய கண்ணாடி ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டால் வேறோர் உலகத்துக்குள் நிற்பது போலத் தெரியுமே, அந்த விளையாட்டு. சுவரெல்லாம் கறுப்பு. தரையோரத்தில் மட்டும் நீலமாக ஒரு விளக்குக் கோடு. ஏ.சி. குளிரில் ரப்பர் வாசனையும் ஈரத் துணி வாசனையும் கலந்து அடித்தது. நாலாபக்கமும் பெரிய மனிதர்கள் தலையில் கறுப்புப் பெட்டியைக் கட்டிக்கொண்டு காற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மீசைக்காரர் யாரையோ வெட்டிச் சாய்ப்பது போல வெறுங்கையை வீசினார். அவருடைய மனைவி பத்திரமாகத் தள்ளி நின்று வீடியோ எடுத்தாள்.

உள்ளே நுழைந்ததும் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "கூட்டத்துல தொலைஞ்சிடாதே" என்றார். இந்த வயதில், பிள்ளைகள் முன்னால், அத்தனை பேர் நடுவில் தோளில் கை போட்டதில் எனக்கு உள்ளூர வெட்கமும் சந்தோஷமுமாக இருந்தது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன், பிறகு எழுத மனம் வராது.

பெரியவள் ஒரு மூலையைக் கண்டுபிடித்துவிட்டாள். பறவை பிடிக்கிற விளையாட்டு. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் ஒரு மலை உச்சியில் நிற்பது போல இருக்குமாம். எல்லாத் திசையிலிருந்தும் வண்ண வண்ணமாகப் பறவைகள் பறந்து வரும், கையில் இருக்கிற வலையை வீசிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு டி.வி. இருந்தது. ஹெட்செட்டுகளை ஈரத் தாளால் துடைத்துக்கொண்டிருந்த ஊதாச் சட்டைப் பெண், "உள்ள இருக்கிறவங்களுக்கு என்ன காட்டுதோ அதையேதான் மேலயும் காட்டும். நீங்க வெளிய நின்னே பாக்கலாம்க்கா" என்றாள்.

"அப்பா, வா. இதுல பை பிடிக்கிற வேலையெல்லாம் இல்லை."

"எனக்கு இதெல்லாம் தலை சுத்தும்மா."

"பஸ் ஓட்டுறவருக்குத் தலை சுத்துமாக்கும்?" என்றேன் நான். என் நாக்கு அப்படிப்பட்டது. அவர் என்னைப் பார்த்தார், பெரியவளைப் பார்த்தார், பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் நின்றார்.

விளையாட்டு ஆரம்பித்தது. பெரியவள் சுழன்று சுழன்று வலையை வீசினாள். அவளுடைய திரையில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. அவருடைய திரையில் எண் எப்போதாவது ஒருமுறை மனம் வைத்து நகர்ந்தது. சின்னவள் தரையில் குதித்துக் குதித்துச் சிரித்தாள். "இடிதாங்கி அவுட்! இடிதாங்கி அவுட்!" நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஒரு பெரிய சிவப்புப் பறவை திரையின் ஓரத்திலிருந்து ஆடி அசைந்து வந்தது, கல்யாண ஊர்வலம் போவது போல. அவர் கையைக்கூட அசைக்கவில்லை. அது பாட்டுக்குப் போய்விட்டது. "அதைக்கூடப் பிடிக்கலையே!" என்று கத்தினேன்.

அடுத்ததும் அப்படியே போனது. அதற்கடுத்ததும்.

எங்கள் செக்கிங் பிரிவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. தப்பு இங்கொன்றும் அங்கொன்றுமாக வந்தால் தைத்தவரின் கவனக்குறைவு, கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சட்டைக்குச் சட்டை அதே இடத்தில் அதே தப்பு வந்தால் தைத்தவரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. உடனே மெஷினை நிறுத்தச் சொல்ல வேண்டும். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

என் சிரிப்பு அடங்கிவிட்டது. திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். நேராக எதிரே வந்த பறவைகளில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. எவ்வளவு வேகமாக வந்தாலும் கை சரியாகப் போய்ப் பிடித்தது. பக்கத்திலிருந்து வந்தவை அத்தனையும் போய்விட்டன. முயற்சி செய்து தவறவிட்டிருந்தால் பரவாயில்லை. அவை வந்ததே அவருக்குத் தெரியவில்லை.

முதல் ஆட்டம் முடிந்ததும் ஊதாச் சட்டைப் பெண்ணிடம், "ஹெட்செட்ல ஏதோ கோளாறு போலிருக்கும்மா. மாத்திக் குடு" என்றேன்.

"எல்லாம் நல்லாத்தான்க்கா இருக்கு."

"எதுக்கும் ரெண்டு பேரோடதையும் மாத்தி மாட்டிப் பாரேன்."

அவள் முகத்தைச் சுளிக்காமல் மாற்றி மாட்டினாள். அவருடையது பெரியவளுக்கு, பெரியவளுடையது அவருக்கு. ஹெட்செட்தான், ஹெட்செட்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். இரண்டாவது ஆட்டத்தில் பெரியவள் முன்னைவிட அதிகம் பிடித்தாள். அவருடைய திரையில் மறுபடியும் ஓரத்துப் பறவைகள் ஒவ்வொன்றாக வந்து, யாரும் தடுக்காமல், கடந்து போயின.

"சார், பக்கத்துலயும் வருது பாருங்க! தலையைத் திருப்புங்க சார்!" என்று அந்தப் பெண் உற்சாகப்படுத்தினாள்.

அவர் தலையைத் திருப்ப ஆரம்பித்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். காலையில் காரில் பார்த்த அதே அசைவு. ஷீல்டு வாங்கித் தந்த அசைவு. ஃபிரிட்ஜ் கதவு, அலமாரி, குகை ரயில், இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும் என்ற பிடிவாதம், தோளில் வந்து விழுந்த கை, எல்லாவற்றின் மேலும் என் கண் முன்னால் ஒவ்வொரு சிவப்பு ஸ்டிக்கராக விழுந்துகொண்டே வந்தது.

ஹெட்செட்டைக் கழற்றியபோது அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. சின்னவள் அவர் கால்களைக் கட்டிக்கொண்டு கேலி செய்தாள். அவர் சிரித்தபடியே நிமிர்ந்தார். நான் அவருக்கு நேர் எதிரே நின்றிருந்தேன். என் முகம் அவர் பார்வைக்கு நடுவில் இருந்தது, அதனால் நன்றாகத் தெரிந்துவிட்டது. அவருடைய சிரிப்பு மெதுவாகக் கழன்றது.

பிள்ளைகள் இரண்டு பேரையும் அரங்கின் மறுகோடியில் இருந்த ஆடுகிற நாற்காலி வரிசைக்கு அனுப்பிவிட்டு, காபி மெஷின் பக்கத்தில் இருந்த பெஞ்சில் அவரை உட்காரவைத்தேன். ஒரே ஒரு காபி வாங்கிக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேப்பர் கப்பை அவர் காதுக்குப் பக்கத்தில் நீட்டினேன். அவர் திரும்பவில்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தேன். கன்னத்தைத் தாண்டினேன்.

"காபி வாசனை வருது" என்றார். "கப்பு எங்க இருக்குன்னுதான் தெரியலை."

கப்பை அவர் கையில் வைத்து அழுத்தினேன்.

"எப்போலருந்து?"

"சரியாச் சொல்லத் தெரியலை. முதல்ல ராத்திரி மட்டும்தான். அப்புறம் பகல்லயும் ஓரம் கரைய ஆரம்பிச்சிடுச்சு."

"கறுப்பாத் தெரியுதா?"

"கறுப்பெல்லாம் இல்லை. இப்ப உன் முதுகுக்குப் பின்னாடி உனக்கு என்ன தெரியுது? ஒண்ணும் தெரியலைல்ல? அந்த மாதிரிதான். எனக்கு முதுகு கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி வந்துட்டிருக்கு."

"ஸ்கூல்ல வருஷா வருஷம் கண்ணு டெஸ்ட் பண்றாங்களே?"

"எழுத்தைத்தானே படிக்கச் சொல்றாங்க. கடைசி வரிவரைக்கும் படிச்சிடுவேன். நேரா இருக்கிறது பளிச்சுன்னு தெரியுதே."

"டாக்டர்கிட்ட?"

"போகலை." காபியைக் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "போனா அவர் சொல்லிடுவார். சொல்லிட்டா அப்புறம் எப்படி ஓட்டுறது?"

எனக்கு வந்த கோபத்தில் கூட்டமாவது ஒன்றாவது. "அதனால வாயை மூடிக்கிட்டு ஓட்டினீங்க. ஊரான் பிள்ளைங்களை ஏத்தி வச்சுக்கிட்டு."

"ஜாக்கிரதையாத்தான் ஓட்டினேன். கிளம்புறதுக்கு முன்னாடி வண்டியை ஒரு சுத்து சுத்திப் பாப்பேன். தலையைத் திருப்பித் திருப்பி…"

"அதுக்குத்தான் ஷீல்டு குடுத்தாங்களாக்கும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒட்டு, நெற்றியில் ஒட்டு என்று குனிந்து காட்டுவாரே, அதே மாதிரி. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் கோபம் அதை வெளியே விடவில்லை.

குனிந்தபடியே அவர் பேசினார். "லீவு விடுறதுக்கு முந்தின வாரம் ஒண்ணு நடந்தது."

"என்ன?"

"ஒரு பொண்ணு. நம்ம சின்னவ உயரம்தான். வண்டியை விட்டு இறங்கிப் போயிட்டான்னு நினைச்சேன். ரெண்டு பக்கமும் பாத்தேன், யாரும் இல்லை. நகர்த்திட்டேன். துணைக்கு வர்ற அக்கா ஓன்னு கத்தினாங்க. பிரேக்கை மிதிச்சுட்டேன். அது தண்ணி பாட்டில் உருண்டுபோச்சுன்னு முன் சக்கரத்துக்கிட்ட குனிஞ்சிருக்கு."

அவர் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பாட்டில்தான் நசுங்கிச்சு. பிள்ளைக்கு ஒண்ணும் இல்லை. அது அழக்கூட இல்லை. 'டிரைவர் மாமா, என் பாட்டில்'னு மட்டும் சொல்லிச்சு. மறுநாள் புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்தேன்." கப்பு அவர் கையில் நசுங்கத் தொடங்கியது. "அந்த அக்கா கோவத்துல, 'உங்க பக்கத்துலதானே நின்னா, கண்ணு தெரியலையா'ன்னு கேட்டாங்க. அவங்க சும்மா வாய்க்கு வந்ததைக் கேட்டாங்க. எனக்குத்தான் பதில் தெரிஞ்சிருந்தது."

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. வயிறு சரியில்லை என்று சாப்பிடாமல் படுத்தார். கண்டதையும் வெளியில் வாங்கித் தின்றால் இப்படித்தான் ஆகும் என்று நான் சமையலறையிலிருந்தே அரைமணி நேரம் பாட்டுப் பாடினேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

"அதுக்கப்புறமும் இன்னிக்கு எங்களை உக்காரவச்சு ஓட்டிட்டு வந்தீங்களே, எப்படி மனசு வந்தது?"

"திங்கட்கிழமை ஸ்கூல் திறக்குது. அதுக்குள்ள உன்கிட்ட எப்படியாவது சொல்லிடணும்னு இருந்தேன். கடைசியா ஒரு தடவை உங்க மூணு பேரையும் நான் ஓட்டிட்டு வரணும்னு…"

"கடைசின்னா யாருக்குக் கடைசி?" என்றேன்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. அவருக்கும் உறைத்தது. ஆடுகிற நாற்காலிகள் இருந்த பக்கத்திலிருந்து சின்னவளுடைய அலறலும் சிரிப்பும் கேட்டன. அவர் அந்தக் குரல் வந்த பக்கம் முழுசாகத் திரும்பி, அவளைத் தேடி, கண்டுபிடித்து, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். கப்பிலிருந்த காபி அவருடைய பேண்டில் சொட்டியது.

"வண்டியை விட்டுட்டா நான் என்ன ஆளு?" என்று மெதுவாகக் கேட்டார். "எனக்கு வேற என்ன தெரியும்?"

சட்டையாக இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவைத்துவிட்டு அடுத்ததை எடுத்திருப்பேன். இது என் மனுஷன். பெண் பார்க்க வந்த அன்று, போகும்போது வண்டியை ஒரே மூச்சில் பின்னால் எடுத்துத் திருப்பிக் காட்டி என்னை மயக்கப் பார்த்த மனுஷன். நான் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அப்போதெல்லாம் அவருக்கு எல்லாப் பக்கமும் தெரியும்.

"சாவியைக் குடுங்க" என்று கையை நீட்டினேன்.

அவர் அசையவில்லை. மாட்டேன் என்கிறாரோ என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, நான் கையைப் பக்கத்தில் நீட்டியிருக்கிறேன். எழுந்து அவர் முன்னால் போய் முட்டி போட்டு உட்கார்ந்து, கையை அவர் கண்ணுக்கு நேராக விரித்தேன். அவர் என் உள்ளங்கையை ரொம்ப நேரம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். அதில் ஒரு குட்டி மஞ்சள் பஸ் தொங்கும், ஏதோ ஒரு பிள்ளை பிறந்தநாளுக்குக் கொடுத்தது. என் கையில் வைத்த பிறகும் அந்தக் குட்டி பஸ்ஸை மட்டும் விரல்கள் விடவில்லை.

"திங்கட்கிழமை?" என்றார்.

"ஸ்கூலுக்குப் போகணும். ஓட்டுறதுக்கு இல்லை, சொல்றதுக்கு. நானும் வர்றேன்."

"அதுக்கப்புறம் டாக்டரா?"

"அதுக்கப்புறம் டாக்டர்."

விரல்களை விட்டார். பிறகு அழுதார். சத்தம் போடவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. ஊதாச் சட்டைப் பெண் எங்களைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே துடைத்துவைத்த ஹெட்செட்டை மறுபடியும் எடுத்துத் துடைத்தாள். நான் அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்தபடியே அழுதேன். இத்தனை நாள் அந்தப் பயத்தை இந்த ஆள் தனியாகச் சுமந்திருக்கிறார். யாரும் கேட்டுவிடக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு பெயரும் வைத்துக்கொண்டு, நாங்கள் சிரிக்கச் சிரிக்க ஆசியும் வழங்கியிருக்கிறார். அதை நினைத்தபோது எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டிய அவசியம் இனிமேல் இல்லை. "விளக்கெல்லாம் பாத்துட்டே போலாம்" என்று பெரியவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. "நிஜமாவா? அப்பா, நிஜமாவா?" என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். காலையிலிருந்து போட்ட சண்டையில் தான் ஜெயித்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நீரூற்றுகள் வண்ண வண்ணமாக எழும்பியபோது கூட்டம் ஹோவென்று கத்தியது. அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது கூட்டத்தைக் காரணம் சொல்லவில்லை.

"தெரியுதா?" என்று காதில் கேட்டேன்.

"நடுவுல கொஞ்சம் தெரியுது. நல்லாத்தான் இருக்கு."

ஆனால் கொஞ்ச நேரத்தில் அவர் விளக்குகளைப் பார்க்கவில்லை. முன்னால் நின்ற எங்கள் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் அவர்கள் முகத்தில் நீலமாகவும் சிவப்பாகவும் விழுந்துகொண்டிருந்தது. பெரியவளைப் பார்த்தார், தலையைத் திருப்பிச் சின்னவளைப் பார்த்தார், மறுபடி பெரியவளைப் பார்த்தார். அவர்கள் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டித்தான் நின்றிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் சேர்ந்தாப்புல கண்ணுக்குள்ள அடங்க மாட்டேங்கிறாங்க" என்றார்.

அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான் முடிந்தது.

காரைப் பூங்காவிலேயே விட்டுவிட்டு வாசலில் பஸ் ஏறினோம். அவரோடு வேலை பார்க்கிற இன்னொரு டிரைவர் மறுநாள் வந்து காரை எடுத்து வருவதாக ஃபோனில் சொன்னார். காரணம் கேட்டதற்கு இவர், "நேர்ல சொல்றேன்" என்றார். படியில் ஏறும்போது நான் முன்னால் ஏறி, "படி… இன்னொண்ணு இருக்கு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே கையைக் கொடுத்தேன். டிரைவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் அவரும் நானும். பக்கத்து வரிசையில் பிள்ளைகள். சின்னவள் உட்கார்ந்ததும் தூங்கிப்போனாள்.

பெரியவள் மட்டும் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். "காருக்கு என்னப்பா ஆச்சு?" என்றாள்.

ரிப்பேர் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "காருக்கு ஒண்ணும் இல்லைம்மா. எனக்குத்தான். வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

வாயாடிப் பெண், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு திருப்பத்தில் பஸ் சாய்ந்தபோது அவர் தலை ஜன்னல் கம்பியில் மோதியது. சத்தம் கேட்டுச் சின்னவள் பாதிக் கண்ணைத் திறந்தாள். "இடிதாங்கி!" என்றாள் தூக்கக் குரலில். அவர் வலது கையை உயர்த்தி ஆசி வழங்கினார். அவள் சிரித்துக்கொண்டே மறுபடியும் தூங்கிவிட்டாள். பெரியவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் குனிந்து பையின் ஜிப்பைச் சரிசெய்தேன், உள்ளே சாவி கிடந்தது.

அப்போதுதான் அவருடைய காலைக் கவனித்தேன். டிரைவர் வேகத்தைக் குறைக்கும் போதெல்லாம், ஒரு கணம் முன்னாலேயே, அவருடைய வலது கால் பஸ்ஸின் தரையை மிதித்தது. வேகம் எடுத்ததும் மெல்லத் தளர்ந்தது. அவருக்கு அது தெரியவில்லை. நேரே, கண்ணாடிக்கு வெளியே, சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நிறுத்தம் வந்தது. டிரைவர் ஒரு குலுங்கல்கூட இல்லாமல் கொண்டுவந்து நிறுத்தினார். இவருடைய கால் தரையை அழுத்தி அப்படியே நின்றது.

"நல்லா ஓட்டுறார்" என்றார் அவர்.